கண்ணாடிக்காரர் சொல்லாத வார்த்தை

செய்தி வந்தபோது மாலை மணி நாலு பத்து. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. வந்து, வரிசையில் நின்றது.

கண்ணாடிக்காரரின் மனைவி வேலை பார்த்தது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் குறை கேட்கும் பிரிவில். நீளமான கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ஹெட்போன். உள்ளே நுழையும் முன் சொந்தக் கைப்பேசியை வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கணவரின் கடைக்கு அடுத்த கடையில் சாவி செய்து கொடுக்கும் பூட்டுக்காரர் அந்தக் கைப்பேசியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அது பெட்டிக்குள் கிடந்து அடித்து ஓய்ந்தது. அவருக்குத் தெரிந்த இன்னொரு எண், ஊரே திட்டிக்கொண்டு அழைக்கும் குறை தீர்க்கும் எண். அதை அழுத்தினார். எடுத்த எடுப்பில் அவள் குரலே கேட்டது.

“வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.”

பதறாத குரலாக வேண்டும் என்று தேடிய மேலாளர், சில வருடங்களுக்கு முன் அவளைப் பிடித்து உட்கார வைத்துப் பதிவு செய்த குரல் அது. பூட்டுக்காரர் அதை எங்கே கண்டார்?

“தங்கச்சி, நான்தாம்மா, பூட்டுக்கடை. மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்க. உன் வீட்டுக்காரர் கடையில உட்கார்ந்த வாக்கிலேயே சாஞ்சுட்டார்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தோம். கையை விரிச்சுட்டாங்க.”

“புதிய இணைப்புக்கு எண் ஒன்றை அழுத்தவும். குறைகளைத் தெரிவிக்க எண் இரண்டை அழுத்தவும்.”

அதிர்ச்சியில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் பூட்டுக்காரர் நினைத்தார். ஆனாலும் அவள் சொன்னதைத் தட்டவில்லை. இரண்டை அழுத்தினார். இசை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அழைப்பு கடைசியில் போய் விழுந்தது அடுத்த மேஜைப் பெண்ணிடம். அவள் கேட்டாள், எழுந்தாள், தட்டிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அக்கா, அந்த ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டுங்க.”

அப்போது கண்ணாடிக்காரரின் மனைவி யாரோ ஒரு பெரியவரிடம், சாயங்காலத்துக்குள் லைன் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கழற்றினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பூட்டுக்காரர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து நின்றிருந்தார். அவர் அழத் தொடங்குவதற்குள் அவள் கேட்டாள்.

“அண்ணே, அவர் வாயில கிராம்பு வாசனை வந்துச்சா?”

“என்னம்மா?”

“கிராம்பு.”

“வந்துச்சும்மா. தண்ணி குடுக்கலாம்னு குனிஞ்சேன், குப்புனு வந்துச்சு. அதுக்கென்ன இப்போ?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கணவர் போய்விட்டார் என்பது இன்னும் உள்ளே இறங்கவில்லை. குடித்துவிட்டுப் போனாரா, குடிக்காமல் போனாரா? அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது இதற்கு ஒரு பதில்தான்.

அப்படி அவள் நினைத்ததற்குக் காரணம் உண்டு.

கல்யாணமான புதிதில் கண்ணாடிக்காரரின் கை, பார்த்தவர்கள் பேசும் கை. கம்பளித் துணி விரித்த பெரிய மேஜையில் கண்ணாடியைப் படுக்க வைப்பார். அளவுக்கட்டையை ஒட்டி, மண்ணெண்ணெயில் நனைத்த சின்னச் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுப்பார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு. பிறகு மேஜை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு கையாலும் ஓர் அழுத்து. டக்கென்று கோட்டோடு கோடாகப் பிரிந்து வரும். ஒருமுறை இழுத்த கோட்டின் மேல் மறுபடி இழுக்கக் கூடாது. இழுத்த கோட்டை ஆறவிடவும் கூடாது, உடனே உடைத்துவிட வேண்டும். ஆறினால் விரிசல் கோட்டை விட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓடும். அந்தத் தொழிலுக்கு இருக்கும் சட்டமே இந்த இரண்டுதான்.

குடி வந்தது. சக்கரம் நடுங்கியது. கோடு இழுத்த இடத்திலேயே இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று. மேஜைக்குக் கீழே உடைசல் கூடை நிரம்பியது. “இப்பவெல்லாம் கம்பெனிக்காரன் சரக்கே சரியில்லை” என்பார். எந்தச் சரக்கைச் சொல்கிறார் என்று வாடிக்கையாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் கிராம்பு இருக்கும். மாடிப்படியில் பாதி வழியில் நின்று, இரண்டைப் போட்டு மென்று, கைப்பிடியைப் பிடித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு, மீதிப் படியேறி வருவார். அவள் உள்ளே நின்று அந்த நிறுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். செருப்புச் சத்தம் நிற்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கும். கதவைத் திறந்தால் கிராம்பு.

ஒரு மத்தியானம், ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தனியாகத் தூக்கப் போய்த் தடுமாறினார். அது உடைந்து வலது மேல்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. பூட்டுக்காரர் தன் கடைத் திரையைக் கிழித்துக் கட்டினார். ஆம்புலன்ஸில் பாதி வழியில் இதயம் நின்றது. அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நடுவில் தடுப்பு. பின்னால் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. இதயத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதையே இறங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து, தழும்பும் தளர்ச்சியுமாக வீட்டுக்கு வந்தார். வந்த அன்று சாயங்காலமே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“எங்கே?”

“சும்மா. காத்தாட.”

அந்தக் காற்று எந்தக் கடையில் அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தடுத்தால் சண்டை வரும். அழுதால் அவரும் அழுவார், அழுதுவிட்டுப் போவார். இரண்டும் அவளுக்குப் பழகிப்போனவை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“ஆம்புலன்ஸ்ல உங்களுக்கு உசுரு திரும்பினப்போ ஒரு வார்த்தை சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

அவர் திரும்பிப் பார்த்தார். “நானா? என்ன சொன்னேன்?”

குறை கேட்கும் வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. பெரிய ஆறுதலை யாரும் நம்புவதில்லை, சின்னதை நம்புவார்கள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொன்னார் என்றால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

“‘கடையைப் பூட்டிடாதே, வந்துட்டே இருக்கேன்’னு சொன்னீங்க.”

அவர் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மற்றதையும்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. எழுதிவிட ஒரு வரி போதும். வாழ்வதற்கு அப்படிப் போதவில்லை. வியர்த்துக் கொட்டிய நாட்கள் உண்டு. தட்டை விட்டெறிந்த நாட்கள் உண்டு. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. சனிக்கிழமை தோறும் ஓவியப் பள்ளி ஒன்றின் மேல்மாடியில், குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே போகத் தொடங்கினார். போன முதல் நாளே அந்த வார்த்தையைச் சொன்னாராம். அது அங்கிருந்து தெருவுக்கு வந்தது. தெரு அவருக்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர் வைத்தது.

கண்ணாடி வெட்ட வருகிறவர்கள் மெதுவாக விஷயத்துக்கு வருவார்கள்.

“அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுமாமே, நிஜமாண்ணே?”

“தெரிஞ்சுது. ஒரு டியூப் லைட். அதுவும் ஸ்டார்ட்டர் போய் மினுக்கிட்டிருந்துச்சு.”

“யாராவது கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டிருப்பாங்க. நான் என்னிக்குச் சொன்ன தேதிக்குப் போயிருக்கேன்?”

கை மெல்ல மெல்லத் திரும்பியது. கோடு மறுபடி ஒரே கோடாயிற்று. அந்த வாக்கியத்தை மட்டும் அவள் வீட்டில் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கையாண்டாள். ஆம்புலன்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவாள். அது பொய் என்று ஒருநாள் அவருக்குத் தெரிந்தால்? எதன் மேல் அவர் நின்றுகொண்டிருக்கிறாரோ, அதை உருவி எடுத்த மாதிரி ஆகிவிடாதா? வருடங்கள் ஓடின, மகள் படிப்பு முடித்து வெளியூரில் வேலைக்குப் போனாள், அந்தப் பயம் மட்டும் அப்படியே இருந்தது. கிராம்பைக்கூட அவள் சமையலறையில் வாங்கி வைத்ததில்லை.

அதனால்தான், போன மாதம் ஒரு மாலை அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. கிராம்பு.

மறுநாளும். அதற்கு அடுத்த வாரம், மாடிப்படியில் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் “உங்களுக்கு என்ன பிரச்சினை, சொல்லுங்க” என்று கேட்கிறவள்தான். வீட்டில் அந்தக் கேள்வி வரவில்லை. கேட்டால், சந்தேகப்படுகிறேன் என்று ஆகும். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் குளிக்கும்போது சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கிராம்பும் மண்ணெண்ணெயும்தான் அடித்தன. அப்படியும் மனம் அடங்கவில்லை. பழைய நாட்களில் எத்தனை முறை ஏமாந்திருக்கிறாள்!

அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார். கடைசி வாரத்தில், குளியலறை ஜன்னல் கண்ணாடியைப் பற்றி அவள் மறுபடி நினைவூட்டினாள். மழைக்காலத்தில் விரிசல் விட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டுகிறவர், தன் வீட்டு ஜன்னலில் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி வைத்திருந்தார்.

“ஏங்க, அந்த டேப்பும் உரிஞ்சுடுச்சு.”

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் குரலில் பேசினார். “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்கள் ஊழியர் விரைவில் தொடர்புகொள்வார்.”

“அந்த ஊழியர் எங்கே இருக்கார்னு எனக்குத் தெரியும்.”

“தெரியுமில்ல? அப்புறம் என்ன, காத்திருங்க. இசை கேக்கறீங்களா?”

சிரித்துவிட்டாள். சிரித்தபோதும் மூக்கு அந்த வாசனையைத் தேடியது. அவரும் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதயம்தாம்மா. கொஞ்ச நாளாவே அறிகுறி இருந்திருக்கும். தாடை வலி, பல்வலின்னு ஏதாவது சொன்னாரா?”

“சொல்லலை.” பிறகு, “கிராம்பு மென்னுட்டிருந்தார்” என்றாள்.

“பல்வலின்னு நினைச்சிருப்பார். நிறையப் பேருக்கு வலி அப்படித்தான் காட்டும். படி ஏறும்போது நின்னு நின்னு வந்தாரா?”

அவள் தலையசைத்தாள். பிறகு கேட்டாள். “குடிச்சிருந்தாரா?”

“இல்லைம்மா. அப்படி எதுவும் இல்லை.”

நிம்மதியும் இடியும் ஒரே மூச்சில் வந்தன. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் டாக்டருக்கு நன்றி சொன்னாள். பதறாத குரலில்தான் சொன்னாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய் வீடு காலியான பிறகு, மூன்றாம் நாள் காலையில் ஒட்டடை வந்தான். சனிக்கிழமை வட்டத்தில் அவருடைய பக்கத்து நாற்காலி. கூரையில் இருக்கும் ஒட்டடையை நின்றபடியே கையால் எடுத்துவிடக்கூடிய உயரம்; அதனால் அந்தப் பெயர். வைத்தவரும் கண்ணாடிக்காரர்தான். குனிந்து நுழைந்து, நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தான். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“சாப்பிட்டீங்களா அண்ணி?”

“ம்.”

“சாப்பிடலைன்னு தெரியுது. நானும் இந்த ‘ம்’ நிறைய சொன்னவன்தான்.”

அதற்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது. யாரிடமும் சொல்லாததை, என்னவோ, கால் நீண்டு மேஜைக்கு அடியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இவனிடம் சொன்னாள். கிராம்பு வாசனை, படியில் நின்ற சத்தம், கேட்காமல் இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று சொல்லும்போது அந்த வார்த்தையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“அவர் அதைச் சொல்லவே இல்லை தம்பி. நான்தான் கட்டிவிட்டேன். அதை நம்பித்தான் அவர் நின்னுட்டிருந்தார். போய்க் கேட்டா, அது உடைஞ்சுடும்னு பயந்தேன்.”

ஒட்டடை தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

“எது, அந்தக் ‘கடையைப் பூட்டிடாதே’யா? அது அவருக்குத் தெரியுமே அண்ணி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல் வருஷமே தெரியும். அந்த ஆம்புலன்ஸ்ல வந்த ஆளு, முகம் பார்க்கிற கண்ணாடி ஒண்ணு வாங்கக் கடைக்கு வந்திருக்கான். இவர் விடுவாரா? ‘நான் ஏதோ பேசினேனாமே’ன்னு கேட்டிருக்கார். அவன் சிரிச்சானாம். ‘உங்க தொண்டையில குழாயைப் போட்ட பிறகுதான் இதயமே ஓட ஆரம்பிச்சுது. குழாய் இருந்தா எப்படிப் பேசுவீங்க’ன்னு கேட்டானாம்.”

குழாய். அது எப்போது போடப்பட்டது என்று அவள் யோசித்ததே இல்லை. தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன தெரியும்?

“அப்புறம்?”

“அன்னைக்குக் கோபத்தில கடையைச் சாத்திட்டு நேரா பாருக்குப் போனாராம். வாசல் வரைக்கும். அங்கே நின்னுக்கிட்டு யோசிச்சாராம். ‘ஒருத்தி நாள் பூரா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சமாதானம் சொல்லிட்டு வந்து, எனக்குன்னு தனியா ஒண்ணு யோசிச்சுச் சொல்லியிருக்கா. அதை நான் சொன்னதாவே இருக்கட்டுமே’ன்னு. திரும்பி வந்துட்டார். எங்க எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும் அண்ணி. புதுசா யார் வந்தாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவார். உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம்.”

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நிஜமா அவருக்கு என்னதான் தெரிஞ்சுதாம், அந்த நேரத்தில?”

“யாரோ கண்ணாடித் தூளைப் பெருக்கற சத்தம் கேட்டுதாம். அவ்வளவுதான். வெறும் துடைப்பத்தால பெருக்கறான், ஈரத் துணி போட்டு எடுக்கத் தெரியலையேன்னு எரிச்சலா வந்துதாம். எழுந்து போய்ச் சொல்லணும்னு இருந்துச்சாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. அதன் வாலிலேயே அழுகையும் வந்தது. ஒட்டடை காத்திருந்தான். காத்திருக்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

“இந்தக் கிராம்பு விஷயமும் சொன்னார் அண்ணி. போன சனிக்கிழமை. ‘பல்லு வலிக்குதுன்னு மென்னா, அவ என்னை ஒரு மாதிரி பார்க்கிறா’ன்னார். ‘சொல்லிடுங்களேன்’னேன். ‘நானா போய்ச் சொன்னா சால்ஜாப்பு மாதிரி இருக்கும்யா. எத்தனை சால்ஜாப்பு கேட்டவ அவ. அவளா கேக்கட்டும், சொல்றேன்’னார்.”

குளியலறைப் பக்கமிருந்து உரிந்த டேப் காற்றில் படபடக்கும் சத்தம் கேட்டது. ஒட்டடை எழுந்து, போய், அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தான். அது மறுபடி உரிந்தது.

பிற்பகல் அவள் கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டுப் பூட்டுக்காரர் உட்கார்ந்து சாவி ஒன்றை அரம் போட்டுக்கொண்டிருந்தார். தன் கடையை விட்டுவிட்டு மூன்று நாளும் அங்கேதான் வேலை.

“ஏண்ணே, பூட்டிட்டுப் போயிருக்கலாமே?”

அவர் சாவியை ஊதினார். “ஊரெல்லாம் பூட்டு மாட்டறவன்தாம்மா நான். இந்தக் கடைக்கு மட்டும் கை வரலை. அவர் அப்படிச் சொன்ன ஆளாச்சே.”

அவள் அவரைத் திருத்தவில்லை. குனிந்து உள்ளே போனாள்.

எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. உடைசல் கூடையில் அடிமட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் தூள். மண்ணெண்ணெய்ப் புட்டியில் சக்கரம் தலைகீழாக நின்றது. மேஜை மேல் புள்ளிபோட்ட மங்கல் கண்ணாடி ஒன்று, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி கிடந்தது. போன வருடம் அவளே வந்து பார்த்து, குளியலறைக்கு இதுதான் என்று எடுத்து வைத்த தினுசு.

“அன்னிக்குக் காலையிலேயே எடுத்துத் துடைச்சு வெச்சுட்டார்மா” என்றார் வெளியிலிருந்து பூட்டுக்காரர். “இன்னிக்குப் புகாரை முடிச்சுடறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். மூணு மணி வாக்கில நான் டீ வாங்கிட்டு வரதுக்குள்ள…”

அவள் குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தாள். கோடு இருந்தது. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரே கோடு. நடுவில் நடுக்கமில்லை, மேலே இரண்டாவது கோடு இல்லை. விரலை வைத்து மெல்ல ஓட்டினாள். ஆறியிருந்தது.

மேஜை விளிம்புக்கு நகர்த்தி ஓர் அழுத்து அழுத்துவதுதான் பாக்கி. அந்தக் கண்ணாடி இன்னும் உடைக்கப்படாமல் கம்பளித் துணி மேல் கிடக்கிறது.